கோட்டைக்கு உலகப் பெருமை வந்தாச்சு! ராத்திரி தங்க ஆள் வருமா?

செஞ்சி, சிங்கவரம் வட்டாரத்தில் "ரூம் புக்கிங்" கணக்கு

சிங்கவரம் மலைக்குகையில் ரங்கநாதர் 24 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். பல்லவர் காலத்தில் படுத்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை!

ஆனால் அவரைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களில், ஒரு ராத்திரி இந்தப் பக்கம் படுத்து எழுந்து போகிறவர்கள் சொற்பம்.

காலையில் வருகிறார்கள். கோட்டையில் ஏறி இறங்குகிறார்கள். இருட்டுவதற்குள் திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரிக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

2025 ஜூலை 11-ந் தேதி பாரிசில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில், மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில். பாக்கி ஒன்று நம்ம செஞ்சி.

பெருமை வந்தாச்சு. இனி "மாடியில ரெண்டு ரூம் எடுத்து டூரிஸ்டுக்கு விட்டா என்ன?" என்ற ஆசை வருவது சகஜம். கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

வருகிறவர் எத்தனை நாள் முன்னாடி ரூம் பிடிக்கிறார்?

தேதிதான் விரட்டுகிறது!

தேதியை மாற்ற முடியாது, இடமும் கொஞ்சம் என்றால் ஜனங்கள் முந்திக்கொள்கிறார்கள். இதுதான் அடிப்படை.

திருமலையில் தேவஸ்தான ரூம்களுக்குச் சுமார் 3 மாதம் முன்பே ஆன்லைனில் பதிவு திறக்கிறது. திறந்த வேகத்தில் தீர்ந்தும் போகிறது.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபமும் பவுர்ணமி கிரிவலமும் என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் வருஷம் முழுவதற்கும் போட்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தே ரூம் பிடிக்கிறார்கள். கடைசி நேரத்தில் போனவர் பெட்டியும் கையுமாகத் தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோடை விடுமுறை என்றால் இதே நெருக்கடி. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே போகிற வண்டிக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது.

செஞ்சி கதை வேறே!

கோட்டை எங்கேயும் போய்விடாது. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு. சென்னையிலிருந்து சுமார் 150 கிலோ மீட்டர்தான். "காலையில கிளம்பினா சாயங்காலம் வந்துடலாம்" என்பதுதான் குடும்பங்களின் கணக்கு. அப்படி வருகிறவர் எதற்கு ரூம் போடுவார்?

இன்னொரு காரணம் ரெயில். டிக்கெட் எடுத்த கையோடு ரூம் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். செஞ்சிக்கோ ரெயிலே கிடையாது. திண்டிவனம்-செஞ்சி-திருவண்ணாமலைப் பாதை 2006-07-ல் மஞ்சூராகியும் வண்டி ஓடவில்லை. பஸ்சில், காரில் வருகிறவர் முதல்நாள் ராத்திரி கூட முடிவு செய்யலாம்.

சுமார் 20 கிலோ மீட்டரில் மேல்மலையனூர் இருக்கிறது. அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சலுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் விடிய விடியக் கண்விழித்து, விடிந்ததும் பஸ் ஏறுகிற கூட்டம் அது. ரூமுக்கு வருகிற கூட்டம் அல்ல.

ரொம்ப முந்தினாலும் வம்பு!

முன்பதிவு எவ்வளவுக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று ரூம்காரர் நினைத்தால் அதுவும் தப்பு.

ரெயில்வே 120 நாள் முன்பதிவை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தது. காரணம் என்ன? 61 முதல் 120 நாள் முன்னால் எடுத்த டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தானது. 4, 5 சதவீதம் பேர் ரத்தும் செய்யாமல், வண்டியும் ஏறாமல் இருந்துவிட்டார்கள்.

ரெயில்வேக்காவது வெயிட்டிங் லிஸ்ட் இருக்கிறது. மாடியில் இரண்டே ரூம் வைத்திருப்பவருக்கு, வராத ஒருத்தர் என்றால் அன்றைய வருமானத்தில் பாதி போச்சு!

என்ன செய்யலாம்?

செஞ்சி பக்கம் ரூம் விட நினைப்பவர் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். பவுர்ணமி, தீபம், பொங்கல் லீவு நாட்களுக்கு முன்பணம் வாங்கலாம். திருவண்ணாமலை சுமார் 40 கிலோ மீட்டர்தான்; அங்கே இடம் கிடைக்காதவர் இங்கே திரும்புவார். மற்ற நாட்களில் அன்றன்றைக்குக் கதவைத் தட்டுகிறவரை நம்பித்தான் பிழைப்பு. அந்தக் கணக்கு கட்டுப்படியாகாவிட்டால் கடன் வாங்கக் கூடாது.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் போக வேண்டும். அதையும் மறக்கக் கூடாது.

தங்க வைக்க வழி இல்லாமலும் இல்லை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். சென்னையிலிருந்து வருகிறவர் அடிவாரம் சேரும்போது வெயில் ஏறிவிடுகிறது. பாதி மலையில் மூச்சு வாங்கித் திரும்புகிறார். முந்தின ராத்திரி வந்து தங்கி, வாசல் திறந்ததும் ஏறினால் மலையும் முடியும், மத்தியானம் சிங்கவரமும் பார்க்கலாம். இதை எடுத்துச் சொன்னால் ஒருநாள் முன்னாடியாவது ரூம் கேட்பார்கள்.

ரூம் பிடிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன், வராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதி வரை கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இன்றைக்குப் போகாதே" என்று சிங்கவரம் ரங்கநாதரே முகம் திருப்பியும், கேளாமல் சண்டைக்குப் போனவர் ராஜா தேசிங்கு என்பது ஊர்க்கதை. 1714-ல் அவர் திரும்பி வரவில்லை.

நாள் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்குக் கஷ்டம் குறைவு. ரூம் கட்டுகிறவர்களுக்கும் அதேதான்!