கொண்டை ஊசிக்கும் ஓர் எண் உண்டு



நம் திருகோணமலை நகரத்துச் சகோதரி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய நானா பேன்ஸிக் கடை வைத்திருப்பவர். சீனாவிலிருந்து கிளிப், சீப்பு, ஹெயார் பேண்ட், கொண்டை ஊசி என்று பல பெட்டிகளை இறக்குமதி செய்யப் போகிறார். சுங்கத்துக்குக் கொடுக்கும் பொருள் விவரப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை தங்கையின் தலையில் விழுந்திருக்கிறது. "எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கிளிப் என்று ஒரே வரியில் எழுதிவிடு. யார் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?" என்கிறாராம் நானா. "இது வெறும் எழுத்து வேலைதானே மௌலவி, இதில் குற்றம் ஏதும் உண்டா?" என்று சகோதரி கேட்கிறார்.

அரபுக் கல்லூரியில் எனக்குச் சுங்கப் பாடம் யாரும் நடத்தவில்லை. ஆகவே துறைமுக வேலையில் பல்லாண்டு இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் தீர்வைப் புத்தகத்தை விரித்ததும் எனக்குப் பராயிள் பாடம்தான் ஞாபகம் வந்தது. வாரிசுரிமையில் முதலில் இன்னார் மய்யித்துக்கு என்ன உறவு என்று தீர்மானிக்கிறோம், பிறகுதான் பங்கு. இங்கும் அதே முறைதான். முதலில் பொருள் எந்த வகை, பிறகுதான் தீர்வை.

உலக நாடுகள் 1983இல் பிரசல்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1988 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும். சீனாவில் கப்பல் ஏறும் சீப்புக்கும் கொழும்பில் இறங்கும் சீப்புக்கும் முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றே. (நம் துறைமுகம் உலகம் மெச்சும் இயற்கைத் துறைமுகம்தான். ஆனால் இங்கே வருபவை பெரும்பாலும் மாவு ஆலைக்குக் கோதுமை, சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள், எண்ணெய். கிளிப் பெட்டிகள் கொள்கலனில் கொழும்புக்குத்தான் போகும். நீங்கள் போகாத இடத்தில் உங்களுக்காக உங்கள் காகிதம்தான் பேசும்.)

இப்போது நானாவின் பெட்டியைப் பார்ப்போம். சீப்புக்கும் கிளிப்புக்கும் தலைப்பு 9615. பிளாஸ்டிக்காலோ கடின ரப்பராலோ செய்தவை 9615.11. மரம், உலோகம் போன்ற மற்றவை 9615.19. கொண்டை ஊசியும் முடி சுருட்டும் ஊசிகளும் 9615.90. பார்த்தீர்களா, ஒரே தலைப்புக்குள்ளேயே மூன்று வீடு!

அதோடு முடியவில்லை. தலைவாரும் பிரஷ் 9603க்குப் போகும். முடி வலை 6505. மின்சாரத்தில் முடி சுருட்டும் கருவி 8516. சாதாரண சேஃப்டி பின் இரும்பானால் 7319. துணியால் செய்த ஹெயார் பேண்டோ ஆடையோடு சேர்ந்த பொருட்களின் அத்தியாயத்துக்கே போய்விடும். பின்னல் துணியானால் 6117, நெய்த துணியானால் 6217.

பின்னலா, நெசவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் உறவினர் இதை விளக்கத் தடுமாறினார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்து, துணியை இரு விரலால் இழுத்து, "இதில் கண்ணி தெரிகிறதே, இது பனியன் துணி மாதிரிப் பின்னியது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சகோதரிகளே, உங்கள் கைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த அறிவு இது! கடையில் நிற்கும் நானாமாரைவிட நீங்களே இந்தப் பட்டியலைச் சரியாக எழுதுவீர்கள்.

கல் பதித்து மினுங்கும் கிளிப்பைப் பலர் கவரிங் நகை என்று நினைத்து 7117இல் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. அந்த அத்தியாயத்தின் குறிப்பே தலைமுடிக் கிளிப்பையும் கொண்டை ஊசியையும் கவரிங் நகையிலிருந்து விலக்கி, 9615க்கு அனுப்புகிறது. தங்கம் போன்ற விலையுயர்ந்த பொருளாலேயே செய்ததென்றால்தான் அது நகை அத்தியாயம். உலோகக் கிளிப்பில் துணிப்பூ ஒட்டியிருந்தால்? முடியைப் பிடிப்பது கிளிப், பூ அழகுக்கு. ஆகவே கிளிப் என்றே எழுத வேண்டும். பிளாஸ்டிக் வளையத்தின் மேல் துணி சுற்றிய தலைப்பட்டி மட்டும் கொஞ்சம் வில்லங்கமானது. அப்படிச் சந்தேகம் வந்தால், பொருள் வருவதற்கு முன்பே மாதிரியோடு சுங்கத் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்பதே நல்லது.

அந்தச் சகோதரிக்கு நான் எழுதிய யோசனை இதுதான். ஒவ்வொரு பொருளிலும் ஒன்றை எடுத்து, அட்டையில் தைத்து, எண் போடுங்கள். அந்த எண்ணுக்கு நேரே, கடைப் பெயரோடு சாதாரணப் பெயரையும் எழுதுங்கள். சீனத்து வியாபாரி வைத்த ஆடம்பரப் பெயரால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எதனால் செய்தது, எப்படி முடியைப் பிடிக்கிறது, எத்தனை டசின், எவ்வளவு நிறை, என்ன விலை, இன்வொய்ஸில் எத்தனையாவது வரி என்று குறித்துக் கடைசியில் தீர்வை எண்ணைப் போடுங்கள். இந்த எண்ணை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்து, நகலை வீட்டில் வையுங்கள். பின்னொரு நாள் அதிகாரி கேட்டால் பதில் கையில் இருக்கும்.

எண் மாறினால் தீர்வை மாறலாம். சில வேளை அனுமதியே மாறும். 2022 ஓகஸ்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் முந்நூறு வகைக்கும் மேலான பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்தியது ஞாபகமிருக்கும். அந்தப் பட்டியலும் இந்த எண்களைக் கொண்டே போடப்பட்டது. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமோ, எழுதிக் கொடுத்த விவரத்தோடு பொருள் ஒத்துப்போகாவிட்டால் பொருளே பறிமுதலாகும் என்கிறது. நானா மிச்சம் பிடிக்க நினைப்பது சில ஆயிரம். பணயம் வைப்பது முழுச் சரக்கையும்.

குற்றமா என்று கேட்டீர்களே, தெரியாமல் எண் பிசகுவது வேறு. துணிப் பட்டி என்று தெரிந்துகொண்டே பிளாஸ்டிக் கிளிப் என்று எழுதுவது வேறு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. பட்டியலை நானா சொல்லச் சொல்ல எழுதினாலும், பேனை தங்கையின் கையில்தான் இருக்கிறது.

சகோதரியின் பட்டியலில் ஒரு பெட்டி செயற்கைக் கூந்தலும் இருந்தது. அதற்கு எண் 6704. அதை விற்கலாமா என்பது சுங்கம் சொல்லும் விடயமல்ல. அதற்கு நானாவே ஒரு நாள் அஸருக்குப் பிறகு பள்ளிக்கு வந்து என்னிடம் பேசட்டும்.