கனவு சொல்லும் செய்தி

மறைந்த உறவினர் கனவில் வந்துவிட்டால் முதுமையில் மனம் கலங்குகிறது. ‘இதற்கு என்ன பலனோ?’ என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம்.

12 மந்திரங்களே கொண்ட மாண்டூக்ய உபநிடதம், நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்று நிலைகளையும் அவற்றைக் கடந்த துரியத்தையும் கூறுகிறது. கனவு நிலையில் ஆன்மாவுக்குத் தைஜசன் என்று பெயர். அப்போது புலன்கள் ஓய்ந்திருக்க, மனம் தான் சேர்த்துவைத்த பதிவுகளையே காண்கிறது. ஆகவே கனவு பெரும்பாலும் வரப்போவதைச் சொல்வதன்று. நெஞ்சில் தங்கியிருப்பதைக் காட்டுவது.

இறைவனே வந்த கனவும் அத்தகையதே. காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் கனவில் சிவபெருமான் தோன்றி, பூசலார் சமைத்த ஆலயத்தில் நாளை எழுந்தருள்வதாகவும், குடமுழுக்கைத் தள்ளிவைக்குமாறும் பணித்தார். திருநின்றவூருக்கு விரைந்த மன்னன் அங்கே கோயில் எதையும் காணவில்லை. அது அடியாரின் உள்ளத்தில் இருந்தது! அரசன் அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான். கல்லினும் அன்பே பெரிது என்பதை அக்கனவு அவனுக்கு உணர்த்தியது.

மறைந்த அன்னை கனவில் வந்தால் அஞ்ச வேண்டா. காலையில் நீராடி, திருநீறோ திருமண்ணோ தரித்து, சிறிது நேரம் அமைதியாக அமருங்கள். நெடுநாள் பேசாதிருக்கும் தம்பியின் முகம் நினைவில் எழலாம். செலுத்தாத நேர்த்திக்கடன் தோன்றலாம். அதை இன்றே நிறைவேற்றுங்கள்.

கனவு கலைந்துவிடும். நனவிலும் கனவிலும் சாட்சியாய் உள்ளே விளங்கும் பரம்பொருள் நம்மை விட்டு நீங்குவதில்லை. அதை நாடுவோமாக.