ஆஃபர் லெட்டர் என்ன, கிழித்துப் போடுற காலண்டர் தாளா?



"இந்தக் காலத்துப் பசங்களுக்குத் திறமை பத்தல, அதான் வேலை கிடைக்கல." டிவி விவாதத்துல கோட்டு போட்ட ஒருத்தர் சொல்வார். நம்ம வீட்டுப் பெரியவங்களும் தலையாட்டுவாங்க. தலையாட்டும் முன்னாடி இதைப் படிக்கச் சொல்லுங்க.

2023 பிப்ரவரி: தேர்வு வைத்து, இன்டர்வியூ நடத்தி, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று தேர்ந்தெடுத்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது விப்ரோ.

2025 பிப்ரவரி: இன்ஃபோசிஸ். ஆஃபர் வாங்கி இரண்டு வருஷம் காத்திருந்து, 2024 கடைசியில் மைசூரு வளாகத்தில் சேர்ந்தவர்களில் 300 பேருக்கு மேல் சில மாதத்தில் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்றது நிறுவனம். சரி, காத்திருக்க வைத்த அந்த வருஷங்களுக்கு யார் மார்க் போடுவது?

நாம பாண்டை மீறினா பணம் கட்டணும். அவங்க ஆஃபரை மீறினா ஒரு 'சாரி' மெயில். இதுக்குப் பேரு ஒப்பந்தமா?

நானும் பட்டிருக்கேன். ஒரு கம்பெனியில் நாலு ரவுண்டு. மூணு நாள் உட்கார்ந்து சம்பளமில்லாம ஒரு ப்ராஜெக்ட். கடைசி ரவுண்டு ஆன்லைன்ல. மேகமலையில் எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது. கேமரா ஒருமுறை கட் ஆனதும், "நெட்வொர்க்கே இல்லாத ஊர்ல இருந்து சாஃப்ட்வேர் வேலையா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் பதிலே இல்ல. கொழுந்து பறிச்சுப் படிக்க வச்ச அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது? கல்விக் கடன் வட்டி மட்டும் தேதி தவறாம வந்துச்சு.

"மார்க்கெட் டல்"னு சாக்கு சொல்றாங்க. திராட்சை விலை விழுந்த அன்னைக்கும், காலையில் கூட்டி வந்த ஆளுக்குச் சாயங்காலம் பேசின கூலியை எண்ணிக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறார் கம்பம் விவசாயி. அவர்கிட்ட இருக்கிற நாணயம் கோடிகளில் லாபம் காட்டுற கம்பெனிக்கு ஏன் இல்ல?

ஐ.டி. ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. ஆனா சேர்ந்த பிறகுதானே ஊழியர்? ஆஃபர் லெட்டரோட வீட்ல காத்திருக்கிறவர் எந்தக் கணக்குலயும் வர்றதில்ல. அந்த ஓட்டையைத்தான் அடைக்கச் சொல்றோம்:

1. ஆஃபரில் சேரும் தேதி கட்டாயம். தள்ளிப்போனால் மாதாமாதம் இழப்பீடு.
2. எழுதிக் கொடுத்த சம்பளத்தைக் குறைக்கத் தடை.
3. கடைசி ரவுண்டு முடிந்த 15 நாளில் எழுத்தில் பதில்.

நாள் முழுக்க நின்ற கடை ஊழியருக்கு நாற்காலி கொடுக்கணும்னு 2021-ல் சட்டம் திருத்திய மாநிலம் இது. இதுவும் முடியும், நாம கேட்டா!

ஆஃபர் வந்த தேதி, சேர்ந்த தேதி. இரண்டையும் கமெண்டில் போடுங்க. பகிருங்க.

#ஆஃபருக்கு_சட்டம்_வேண்டும்

- ஐ.டி. பிரிவு, தேனி மாவட்டம்