கூடையில் மீன் – மீனில் என்ன?

"வாங்கண்ணே, வாங்க! ஏரி மடவை! துள்ளுது பாருங்கண்ணே!"

மீஞ்சூர்க் கடைத்தெருவிலே இந்தக் குரல் கேட்காத காலை இல்லை. இரவு ஷிப்ட் முடித்து, அத்திப்பட்டிலே ரயிலேறி வந்திறங்கிய தொழிலாளத் தோழர் கூடையின் முன் குந்துகிறார். செவுளைத் தூக்கிப் பார்க்கிறார் – சிவப்பு. கண்ணைப் பார்க்கிறார் – பளபளப்பு. விரலால் அழுத்திப் பார்க்கிறார் – கெட்டி. "நல்ல மீன்தாம்மா" என்கிறார். காசு கை மாறுகிறது. மீன் பைக்குள் போகிறது.

தோழர் பார்த்த பார்வை தவறானதல்ல. தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் அந்தப் பாடம் ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். மீன் எப்போது செத்தது என்று செவுள் சொல்லும். எந்தத் தண்ணீரிலே வாழ்ந்தது என்று சொல்லாது. உள்ளே பாதரசம் இருந்தாலும் மீன் துள்ளும்! ஈயம் இருந்தாலும் துள்ளும்! துள்ளுவது உயிருக்குச் சாட்சி, தூய்மைக்குச் சாட்சியல்ல.

அப்படியானால் தூய்மைக்குச் சாட்சி எது? அதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

தொட்டி ஒன்று. மேலே குழாய் திறந்திருக்கிறது. கீழே ஒரு சிறு துளை. வருகிற வேகத்துக்குப் போகிற வேகம் ஈடு கொடுத்தால் தொட்டி நிரம்பாது. துளை அடைபட்டால்? சொட்டுச் சொட்டாக வந்தாலும் ஒருநாள் நிரம்பும். மீனின் உடலும் அப்படித்தான். செவுள் வழியாகவும் இரை வழியாகவும் உள்ளே வருகிற ரசாயனத்தை உடல் வெளியே தள்ள முடிந்தால் தொல்லை இல்லை. தள்ள முடியாத ரசாயனங்கள் இருக்கின்றன. சில கொழுப்பிலே போய் ஒளிந்துகொள்ளும். பாதரசம் போன்றவை தசையிலேயே குடியேறிவிடும். தண்ணீரிலே அளந்தால் அணுப்பொழுது. மீனிலே அளந்தால் மலையளவு!

இதை அளப்பதற்கு உலகம் ஒரு முறை வகுத்திருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்ற பன்னாட்டு மன்றம் 1981-ல் ஏற்றுக்கொண்ட முறை, எண் 305. இரண்டு தொட்டிகளிலே ஒரே வகை மீனை விடுவார்கள். ஒன்றிலே நல்ல தண்ணீர். இன்னொன்றிலே ரசாயனம் சிறிதளவு கலந்த தண்ணீர். 28 நாட்கள் வரை இடையிடையே மீனை எடுத்துச் சதையிலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள். பிறகு எஞ்சிய மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றி, ஏறியது இறங்குகிறதா, எத்தனை நாளிலே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். தண்ணீரில் இருப்பதைப்போல மீனிலே எத்தனை மடங்கு? அதுதான் கணக்கு. 2000 மடங்கைத் தாண்டினால் "இது உடலில் சேரும் பொருள்" என்கிறது ஐரோப்பியச் சட்டம். 5000-ஐத் தாண்டினால் "மிக அதிகமாகச் சேரும் பொருள்" என்கிறது.

அதற்கு முன்பே, 1973-ல், ஜப்பான் ஒரு சட்டம் செய்தது. புதிய ரசாயனம் சந்தைக்கு வருமுன், அது மண்ணிலும் நீரிலும் மக்குகிறதா, மீனிலே சேருகிறதா என்று காட்டு என்றது. கெண்டை மீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. ஆலையதிபரின் வாக்குமூலம் பிறகு. கெண்டையின் வாக்குமூலம் முதலில்!

ஜப்பானுக்கு இந்த ஞானம் சும்மா வந்ததா? இல்லை தோழர்களே, பிணங்களின் மீது நடந்து வந்தது.

மினமாட்டா – மீனவர் வாழும் கடற்கரை ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை. அதன் கழிவு வளைகுடாவிலே. பூனைகள் வெறிபிடித்தாற்போல் ஆடி விழுந்து செத்தன. பிறகு குழந்தைகளுக்குக் கைகால் விளங்கவில்லை, வாய் குழறிற்று. 1956 மே முதல் நாள், ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவாவே "இனம் தெரியாத நோய்" என்று அறிவித்தார். மேதினத்தன்று பாட்டாளிக்குக் கிடைத்த பரிசைப் பார்த்தீர்களா?

அந்த மருத்துவர் அதோடு நிற்கவில்லை. ஆலைக் கழிவை உணவிலே கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில், 400-ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது. குற்றவாளி யார் என்று ஆலைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த ஆலை என்ன செய்தது? சோதனையின் வாயை அடைத்தது! அதே ஆண்டு டிசம்பரில் மீன் தின்று வீழ்ந்த குடும்பங்களைக் கூப்பிட்டு, "அனுதாபப் பணம்" என்று கொஞ்சம் கொடுத்து, நாளைக்கு ஆலைதான் காரணமென்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. அந்த ஒப்பந்தம் நியாயத்துக்கு விரோதமானது என்று 1973-ல் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. ஆனால் பாதரசக் கழிவு நின்றது எப்போது? 1968-ல்! சோதனை செய்தவருக்கு உண்மை தெரிந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள், சோற்றிலே நஞ்சு தொடர்ந்தது.

சோதனை இல்லாததால் மட்டும் மக்கள் சாவதில்லை. சோதனையின் முடிவு பூட்டப்படுவதாலும் சாகிறார்கள். இதை மனத்திலே பதித்துக்கொள்வோம்.

"ஜப்பான் எங்கே, தமிழ்நாடு எங்கே?" என்று சிலர் கேட்கக்கூடும். கொடைக்கானலுக்குப் போகலாம், வாருங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்தெடுத்து வந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று அந்த மலையிலே நடந்தது. பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. உடைந்த வெப்பமானிகள் பாதரசத்தோடு பழைய சாமான் கடையிலே கிடந்ததை மக்கள் கண்டு போராடிய பிறகு, 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016-ல். ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறையின் ஆய்வகத்தார் கொடைக்கானல் ஏரி மீனை அறுத்து அளந்து 2006-ல் வெளியிட்டார்கள்: கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் பாதரசம். மலை உச்சியிலே, நன்னீர் ஏரியிலே, படகு விட்டு மகிழும் இடத்திலே!

"சட்ட வரம்புக்கு உள்ளேதானே இருக்கிறது?" என்பார் கணக்கு தெரிந்தவர். உண்மை. சாதாரண மீனுக்கு 500 மைக்ரோகிராம் வரை நம் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் நாமும் கொஞ்சம் கணக்கு போடுவோம். மீனிலுள்ள பாதரசம் பெரும்பாலும் மெத்தில் பாதரசம். மனிதன் ஒரு வாரத்தில் உடல் எடையின் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராமுக்கு மேல் அதை உட்கொள்ளலாகாது என்பது உலக நிபுணர் குழு 2003-ல் சொன்ன அளவு. 60 கிலோ ஆளுக்கு வாரம் 96. சட்ட வரம்பில் பாதியளவே, அதாவது 250 மைக்ரோகிராம் உள்ள மீனை எடுத்துக்கொள்வோம். பங்களாவாசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் 200 கிராம் தின்கிறார். உள்ளே போவது 50. கவலையில்லை. ஏரிக்கரைக் குப்பத்தார் விற்றது போக மிஞ்சியதைத் தினமும் 200 கிராம் தின்கிறார். ஏழு நாளில் 350! தாங்கும் அளவைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல்! மீன் ஒன்று, சட்டம் ஒன்று. ஆனால் பாதுகாப்பு மட்டும் இரண்டு! கருவுற்ற தாய்க்கோ ஆபத்து இன்னும் பெரிது. அது வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடுகிறது.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். கொசஸ்தலையாறு என்று ஏட்டிலே எழுதப்படும் கொற்றலையாறு எண்ணூர்க் கழிமுகத்திலே கடலைச் சேருகிறது. பக்கிங்காம் கால்வாய் அந்தக் கழிமுகத்தையும் பழவேற்காட்டு ஏரியையும் இணைக்கிறது. அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் நீரோடு கலந்து குழாயிலே போகிறது. குழாய் ஒழுகி ஆற்றிலே படிந்த வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நிலக்கரிச் சாம்பலிலே ஆர்செனிக் உண்டு, ஈயம் உண்டு, காட்மியம் உண்டு, பாதரசமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடிற்று. கையாலும் வாளியாலும் அதை அள்ளியவர்கள் யார்? அதே மீனவர்கள்!

எண்ணெய் நஞ்சை மீனின் கல்லீரல் ஓரளவு உடைத்துத் தள்ளும். மட்டியும் ஆளியும் அப்படித் தள்ளமாட்டா. உலோகமோ வேறு கதை. ஆகவே ஒரு தடவை தண்ணீரை முகந்து, "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவது ஆராய்ச்சியல்ல. தண்ணீர் அலையோடு போய்விடும். சேற்றிலும் சதையிலும் இருப்பது போகாது.

எண்ணூர் மீனும் பழவேற்காட்டு மீனும் நஞ்சு என்று நாம் தீர்ப்பெழுத வரவில்லை. அளக்காமல் நஞ்சென்பது அநியாயம். அளக்காமல் நல்லதென்பதும் அதே அநியாயம். கூடைக்காரத் தாய் அஞ்சுவது நமக்குப் புரிகிறது. "பேப்பர்ல போட்டுட்டா எம் மீனை யாருண்ணே வாங்குவாங்க?" ஞாயமான கேள்வி! சோதனை ஆலையைச் சுடுமுன் அவள் அடுப்பை அணைத்துவிடும். ஆலையிலே வேலை செய்யும் தோழரும் கேட்கிறார், "கதவை இழுத்து மூடிட்டா நாங்க எங்கே போறது?" அவருக்கும் பதில் வேண்டும். ஆலையை மூடு என்பதல்ல நம் முழக்கம். கழிவுக் குழாயை மூடு என்பதே. மின்சாரமும் வேண்டும், மீனும் வேண்டும். இரண்டும் தர முடியாது என்று சொல்லும் நிர்வாகம்தான் திறமையற்றது.

நாம் கேட்பவை இவை. மடவை, கெளுத்தி, நண்டு, இறால், மட்டி என்று இனம் பிரித்து, பருவம்தோறும் கரையேறும் இடத்திலேயே எடுத்துச் சதையை அளக்கவேண்டும். கழிவு விழும் வாயருகே கூண்டிலே மீனை விட்டு, 28 நாட்கள் வைத்துப் பார்க்கவேண்டும். முடிவைத் தமிழிலே, ஏலக் கூடத்திலே பலகையில் எழுதவேண்டும். மாதிரி எடுக்கும்போது பாடு முறையிலே தொழில் செய்யும் கிராமத்தார் உடனிருக்கவேண்டும். ஏதேனும் ஓர் இனத்தைத் தின்னாதே என்று சொல்ல நேர்ந்தால், சொல்லும் அன்றைக்கே பிழைப்பை இழந்தவருக்கு இழப்பீடு வரவேண்டும். அந்தப் பணம் கழிவு விட்டவன் பணமாக இருக்கவேண்டும். அனுதாபப் பணமல்ல, உரிமைப் பணம்!

மீஞ்சூர் மண் சென்னைக்குக் குடிநீர் கொடுத்தது. பதிலுக்குத் தன் கிணறுகளிலே கடல் உப்பை வாங்கிக்கொண்டது. இனி ஏரியும் ஆறும் மீனைக் கொடுத்துவிட்டு நஞ்சை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

கிளைத் தோழர்கள் இந்தக் கேள்வியைத் தெருமுனைக்குக் கொண்டுபோகட்டும். ஆலை வாயிலில் கேட்கட்டும், ஏலக் கூடத்தில் கேட்கட்டும், அதிகாரியின் மேசை முன்னே கேட்கட்டும். கூடை முன் குந்தும் பாட்டாளி, செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு சுவரிலுள்ள பலகையையும் பார்த்து, மனநிம்மதியோடு மீன் வாங்கும் நாள் வரவேண்டும். அந்தத் தாயும் அன்றைக்குத் தயக்கமின்றிக் கூவட்டும்: "துள்ளுது பாருங்கண்ணே!"