புளோரன்ஸ் போகும் பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டுவது?



மகள் குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. பேரன் பத்தாம் வகுப்பு. அவன் வகுப்பு அடுத்த மாதம் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குக் கல்விச் சுற்றுலா போகிறது. பயணத் திட்டத்தை எனக்கும் அனுப்பியிருந்தான். 3 நாளில் 14 இடங்கள். மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, உஃபிஸி ஓவியக்கூடம், பெரிய தேவாலயத்தின் குவிமாடம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் 34 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்து, பல சுற்றுலாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

முதல் நாள், முதல் இடமாக, சான்டா குரோச்சே தேவாலயத்தில் இருக்கும் ஒரு சிதைந்த சிலுவை ஓவியத்தைக் காட்ட வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் சிமாபுவே என்ற ஓவியர் மரத்தில் வரைந்தது அது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தது. வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயும் சேற்றோடு கலந்துவிட்டது. வெள்ளம் வடிந்தபோது அந்த ஓவியத்தின் வண்ணத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விட்டது. தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் ஊறிக் கிடந்தன.

அப்போது ஓடி வந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் இளைஞர்களும்தான். இத்தாலியிலிருந்து மட்டுமல்ல, பல நாடுகளிலிருந்தும் வந்தார்கள். வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று அந்த ஊர் இன்றும் அவர்களை நினைவு வைத்திருக்கிறது.

ஓவியத்தைச் சீர்செய்யப் பத்தாண்டு பிடித்தது. 1976இல்தான் திரும்பி வந்தது. அழிந்த இடத்தில் புதிதாக முகமோ உடலோ வரைந்து ஏமாற்றவில்லை. மெல்லிய வண்ணக் கோடுகளால் நிரப்பி, இழப்பு தெரியும்படியே விட்டிருக்கிறார்கள். அதே வெள்ளத்தில் மூழ்கிய வசாரியின் 'கடைசி இராவுணவு' ஓவியம் மீண்டும் மாட்டப்பட்டது 2016இல். 50 ஆண்டுகள்! இன்னொரு வெள்ளம் வந்தால் அதை மேலே தூக்கிவிட இப்போது ஒரு பொறியும் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இதை முதலில் காட்ட வேண்டும் என்கிறேன்? குறையில்லாத டேவிட்டைப் பார்க்கும் பிள்ளை, "500 வருஷமாக இருக்கிறது, இனியும் இருக்கும்" என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். மலையைப் போல, கடலைப் போல, அது தானாகவே இருக்கிறது என்ற எண்ணம். உண்மை அப்படியில்லை. உஃபிஸியின் செல்வம் அந்த ஊரிலேயே இருப்பதற்குக் காரணம், மெடிசி குடும்பத்தின் கடைசி வாரிசான ஆன்னா மரியா லூயிசா என்ற பெண்மணி. எதுவும் நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று 1737இல் ஒப்பந்தம் எழுதி வைத்தார்.

இது புரியாவிட்டால் என்ன ஆகும்? 2023இல் ரோமின் கொலோசியம் சுவரில் ஒரு சுற்றுலாப் பயணி சாவியால் பெயர் கீறினார். மாட்டிக்கொண்ட பிறகு, அது அவ்வளவு பழமையானது என்று தெரியாது எனக் கடிதம் எழுதினார். நம் ஊர் மண்டபத் தூண்களில் ஆணியால் பெயர் எழுதுகிறவர்களும் இதே ரகம்தான்.

"அவ்வளவு செலவு செய்து போய், அழிந்த படத்தையா பார்ப்பது?" என்று சிலர் கேட்பீர்கள். டேவிட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. மறுநாள் பார்க்கட்டும். சிமாபுவேயைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை டேவிட் முன்னால் நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை திரும்பி வந்ததும் "எத்தனை இடம் பார்த்தாய்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "பார்த்ததை எல்லாம் இத்தனை காலம் யார் காப்பாற்றினார்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் போன செலவு வீணில்லை.

ஆசிரிய நண்பர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.