மீட்டரில் ஏறாத வேலை

ஆன்லைன் கேம் ஆடிய எல்லோருக்கும் ஒரு வசனம் தெரிந்திருக்கும்: "ஹீலர் என்னடா பண்ணிட்டிருந்தான்?" யாராவது செத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். செத்தவன் நெருப்புக்குள் நின்றிருப்பான். நகரச் சொல்லி நாலு பேர் கத்தியிருப்பார்கள், நகர்ந்திருக்க மாட்டான். ஆனாலும் குற்றவாளி ஹீலர். இரண்டு வருடம் ஹீலர்கள் அணிக்குத் தலைமை தாங்கியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு ஆட்டம் புரியவில்லை. இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நானும் இதைக் கேட்டவன்தான். கேட்டு ஒரு நல்ல ஆளை வெளியே அனுப்பியவன்.

ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004இல் வந்தது. அதில் ரெய்டு என்றால் ஒரு கூட்டமே சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்துவது. தொடக்கத்தில் 40 பேர், பிறகு 10 அல்லது 25 பேர். டேங்க் முன்னால் நின்று அடி வாங்குவார். டிபிஎஸ் அடிப்பார். ஹீலர் எல்லோரையும் உயிரோடு வைத்திருப்பார்.

2009 டிசம்பரில் 'ஐஸ்கிரவுன் சிட்டடல்' ரெய்டு திறந்தபோது நான் மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஆடியது ஐரோப்பிய சர்வரில். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் பன்னிரண்டரை. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட், கரண்ட் போனால் இருபது நிமிஷம் தாங்குகிற ஒரு யூபிஎஸ். நடுராத்திரியில் அம்மா எழுந்து வந்து "இன்னுமா படிக்கிற?" என்று கேட்டு டீ போட்டுக் கொடுத்த பாவமும் என் கணக்கில் இருக்கிறது.

எங்கள் 25 பேரில் ஆறு பேர் ஹீலர்கள். யார் டேங்கைப் பார்ப்பது, யார் கூட்டத்தைப் பார்ப்பது, பெரிய அடி வரும்போது யாருடைய மந்திரம் முதலில், அடுத்தது யாருடையது, ஒருவர் செத்தால் அவர் இடத்துக்கு யார் என்று சண்டைக்கு முன்பே பிரித்துக் கொடுப்பது என் வேலை. அது சரியாக நடந்தால் யாரும் சாக மாட்டார்கள். யாரும் சாகாவிட்டால் ஹீலர்களின் ஞாபகமே யாருக்கும் வராது. பேச்செல்லாம் யார் அதிகம் அடித்தார்கள் என்பதைப் பற்றியே இருக்கும்.

அதைக் காட்டத்தான் 'ரீகவுண்ட்' என்று ஒரு ஆட்-ஆன் இருந்தது. சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார், எவ்வளவு ஹீல் செய்தார் என்று கலர் கலராகப் பட்டைகள் போட்டுக் காட்டும். நான் வளர்ந்ததே ரேங்க் லிஸ்ட்டைப் பார்த்துத்தான். எனக்கு அந்தப் பட்டைகள் ரொம்பப் பிடித்துப்போனது.

எங்கள் ஆறு பேரில் எப்போதும் கடைசிப் பட்டை ஒரு அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை. வாய்ஸ் சாட்டில் அதிகம் பேச மாட்டார். அவருடையது டிசிப்ளின் ப்ரீஸ்ட். காயம் பட்ட பிறகு ஆற்றுவதை விட, படுவதற்கு முன்பே கவசம் போட்டு அடியைத் தடுப்பதுதான் அந்த வகை ஹீலரின் பலம்.

2010 மார்ச்சில் கடைசி எதிரியான லிச் கிங்கிடம் வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தோம். ரெய்டு லீடர் என்னிடம் கேட்டார், "உன் கடைசி ஹீலர் என்னதான் பண்றாங்க?" என்னிடம் பதில் இல்லை, பட்டைதான் இருந்தது. அவருக்கு மெசேஜ் போட்டேன்: "அக்கா, இந்த வாரம் வேற ஒருத்தரை எடுக்கிறோம். உங்க நம்பர் கொஞ்சம் கம்மியா இருக்கு."

"ஓம் தம்பி, விளங்குது" என்று மட்டும் பதில் வந்தது.

அவர் இடத்துக்கு, ரீகவுண்டில் அவரைப் போல இரண்டு மடங்கு காட்டுகிற ஆளைப் போட்டோம். அந்த வாரம் முன்பு போன தூரம்கூடப் போக முடியவில்லை. லிச் கிங்கிடம் 'இன்ஃபெஸ்ட்' என்று ஒரு தாக்குதல் உண்டு. எல்லோர் மேலும் ஒரே நேரத்தில் விழும். உயிர் 90 சதவீதத்துக்கு மேல் ஏறும்வரை நொடிக்கு நொடி வலி கூடிக்கொண்டே போகும். அதுவரை எங்களுக்கு இது ஒரு பிரச்சனையாகவே இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் செத்தார்கள்.

விடிகிற நேரத்தில் சண்டைப் பதிவை வரிவரியாகப் படித்தேன். முந்தைய வாரங்களின் பதிவில் இன்ஃபெஸ்ட் விழுந்த இடத்திலெல்லாம் இவ்வளவு அடி 'தடுக்கப்பட்டது' என்று இருந்தது. யாருடைய கவசம் தடுத்தது என்று அந்தக் காலத்துப் பதிவில் இல்லை. அதனால் ரீகவுண்ட் அதை யார் கணக்கிலும் சேர்க்கவில்லை. தடுக்கப்பட்ட அடியை ஊகித்துச் சேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு ஆட்-ஆன் எழுத வேண்டியிருந்தது. நான் ஒரு மென்பொருள் குறையை ஒரு மனுஷியின் குறையாக வாசித்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்லை தம்பி, நான் வேற கில்டில சேர்ந்திட்டன்" என்றார். இன்னொரு டிசிப்ளின் ப்ரீஸ்ட்டைத் தேடிப் பிடித்துத்தான் லிச் கிங்கை முடித்தோம். வெற்றி ஸ்க்ரீன்ஷாட்டில் அந்த அக்கா இல்லை.

"அது பழைய ஆட்-ஆனோட தப்பு, இப்ப சரி பண்ணிட்டாங்க" என்று சொல்லலாம். ஆட்-ஆன் சரியாகிவிட்டது. பார்வை சரியாகிவிட்டதா? இன்றைக்கு வலோரண்டில் ஒரு பெண் குரல் கேட்டதும் "நீ சேஜ் எடு" என்கிறார்கள். ஹீல் செய்வது சுலபம், அடிக்கத் தெரியாதவர்களுக்கான இடம் என்று அதற்கு அர்த்தம். இப்படிச் சொல்கிறவர்களை ஐஸ்கிரவுனிலேயே இருக்கிற வலித்ரியா சண்டைக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே ஜெயிப்பதற்கு யாரையும் கொல்லத் தேவையில்லை. பாதி உயிரோடு கிடக்கிற ஒரு டிராகனை முழுசாகக் குணப்படுத்த வேண்டும். பட்டையில் முதலிடம் பிடிக்கிற டிபிஎஸ் வீரர்கள் அன்று ஹீலர்களுக்குக் காவல் நிற்பார்கள்.

இப்போது நான் ஐடி கம்பெனியில் டீம் லீட். அங்கேயும் ரீகவுண்ட் இருக்கிறது, அதற்கு அப்ரைசல் என்று பெயர். என் டீமில் ஒருவர் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாலும் டிஸ்கில் இடம் இருக்கிறதா, சர்டிஃபிகேட் எப்போது காலாவதி, ரோல்பேக் ஓடுமா என்று பார்த்துவிடுவார். அவர் பார்க்கிற சிஸ்டத்திலிருந்து ஒரு வருடமாக யாருக்கும் நடுராத்திரி போன் வரவில்லை. இன்னொருவர் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்த சிஸ்டத்தைத் தூக்கி நிறுத்தினார். விழுந்தது அவர் எழுதிய கோடால்தான். விருது அவருக்கு. முன்னவரைப் பற்றி மீட்டிங்கில் கேட்டார்கள், "அவங்க என்ன பண்ணாங்க?" இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. அப்படியும் ரேட்டிங்கில் ஒரு படிதான் ஏற்ற முடிந்தது.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எண்ணால் பிழைக்கிறவன் நான். எண் எதைப் பார்க்கவில்லை என்று தெரியாமல் ஆளை எடைபோடாதீர்கள் என்கிறேன். அந்த அக்கா போன பிறகு நான் பட்டையை வைத்து யாரையும் எடுக்கவில்லை. செத்தவர்களின் கடைசிப் பத்து நொடியைப் பார்த்தேன். மற்ற ஐந்து ஹீலர்களிடமும் தனித்தனியாக "உன் பக்கத்துல யார் இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்?" என்று கேட்டேன். பட்டை சொல்லாததையெல்லாம் அந்தப் பதில்கள் சொல்லின.

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. திருமங்கலம் பக்கம் எங்கள் தாத்தா ஊர்க் கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். மடையைத் திறந்து மூடுவது, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்கக் கரையில் நடப்பது அவர் வேலை. கரை உடையாத வருஷமும் அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள் என்று தாத்தா சொல்வார். "இந்த வருஷந்தான் ஒண்ணும் ஆகலையே, உனக்கு எதுக்கு நெல்லு?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை.