பொருத்தம் பார்த்து மாற்றுங்கள்

சட்டைப்பையில் அடங்கும் ஹெட்போன் ஆம்ப்ளிபயரைத் தாமே கட்டிப் பாட்டுக் கேட்பவர்கள் நம் மும்பைத் தமிழ் இளைஞர்களிலும் இருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய பழக்கம். 1998-இல் சூ மோய் என்பவர் வெளியிட்ட எளிய சர்க்யூட்தான் இத்தகைய பெட்டிகள் பலவற்றுக்கும் மூலம். அதன் உயிர்நாடி எட்டுக் கால்கள் கொண்ட ஓர் ஆப்-ஆம்ப் ஐ.சி. சாக்கெட்டில் செருகியிருப்பதால் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிது. எளிது என்பதாலேயே, விலை கூடியதைப் போட்டால் பாட்டு இனிக்கும் என்று நம்பி, லாமிங்டன் சாலைக் கடைகளில் சம்பளப் பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு.

ஐ.சி. மாற்றுவது வரன் பார்ப்பது போன்றது என்பது என் கருத்து. பெயரும் விலையும் போதா. இந்த வீட்டுக்கு ஒத்துவருமா என்பதே கேள்வி.

முதல் பொருத்தம் மின்னழுத்தம். 9 வோல்ட் பேட்டரி தீரும் தறுவாயில் 6 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஓ.பி.ஏ. 2134 என்ற ஐ.சி. 5 வோல்ட் வரை வேலை செய்யும். ஆனால் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஐ.சி.க்களும் உண்டு. அவற்றை 9 வோல்ட்டில் மாட்டினால் அன்றோடு சரி.

இரண்டாவது நிலைத்தன்மை. ஓ.பி.ஏ. 2227, 2228 இரண்டும் உடன்பிறந்தவை போல இருக்கும். 2228 வேகமானது, ஆனால் பெருக்கம் 5 மடங்குக்குக் குறைந்தால் நிலைகொள்ளாது. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானே அலறத் தொடங்கும், ஐ.சி. சுடும், பேட்டரி வீணாகும். இயர்போனுக்கு 3 மடங்கு போதும் என்று வைத்திருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, ஐ.சி.யின் உள்வாயில் ஓடும் மின்னோட்டம். புகழ்பெற்ற என்.இ. 5532-ஐ எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸிங் மேஜைகளில் நெடுங்காலம் உழைத்தது; விலையும் மலிவு. ஆனால் அதன் உள்வாய் சுமார் 200 நானோஆம்பியர் இழுக்கும். அங்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 20 மில்லிவோல்ட் தேங்கும். 11 மடங்கு பெருக்கத்தில் அது 220 மில்லிவோல்ட் டி.சி.யாக ஹெட்போனில் போய் இறங்கும். மேஜையில் ராஜாவாக இருந்தது இந்தப் பெட்டிக்குள் தொல்லையாகிவிடுகிறது. குற்றம் ஐ.சி.யுடையது அன்று, பொருத்தம் பாராமல் முடித்துவைத்தவருடையது. ஆகவே எதை மாட்டினாலும் ஹெட்போனைச் செருகுமுன் வெளிவாயை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

"என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே!" என்பார்கள் சிலர். தெரியட்டும். வால்யூமைத் தொடாமல், எது எந்த ஐ.சி. என்று சொல்லாமல், வேறொருவரை மாற்றி மாட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் தெரிந்தால் வாங்குங்கள். கொடுத்த விலை காதுக்குள் புகுந்து பேசுவது மனித இயல்பு.

இன்னொன்று: விலை உயர்ந்த ஐ.சி.க்களில்தான் போலிகள் மிகுதி. மலிவான சரக்கின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப்பெயர் அச்சிட்டு விற்கிறார்கள். நம்பகமான கடையில் வாங்கிய சாதாரண ஐ.சி., தெருவில் வாங்கிய 'அபூர்வ' ஐ.சி.யைவிட மேல்.

பொருத்தமான ஐ.சி. ஒன்றைப் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.